இறக்கட்டுமா

பழைய புகையிலைக் கிடங்கு.
புகையிலை போய் முப்பது வருஷமாகிறது.
வாசனை மட்டும் வாடகை தராமல் குடியிருக்கிறது.
ப்லோவ்திவ் நகரின் நவம்பர் வெயில்
மூன்றாம் மாடி ஜன்னல்வரை ஏறி வந்து
உள்ளே நுழையாமல் திரும்பிவிடும்.

ஆஸ்பத்திரி அறிவிப்புப் பலகையில்
ரத்ததான முகாமுக்கும்
காணாமல்போன பூனைக்கும் நடுவே
யாரோ ஒட்டியிருந்தார்கள்:
பரிசோதனை நிகழ்த்துகலைப் பட்டறை, நான்கு நாள்,
கட்டணமில்லை, மதியம் சூப் உண்டு.
நான் சூப்பைத்தான் படித்தேன்.

பெல்ஜியத்திலிருந்து வந்திருந்தாள் லீவா.
மழித்த தலை, யாரோ ஓர் ஆணின் சட்டை.
நடிக்காதீர்கள் என்றாள். கதை சொல்லாதீர்கள்.
கேட்காமல் யாரையும் தொடாதீர்கள்.
என்னைத் தவிர ஒருவரும் பேசக் கூடாது,
தலையசைத்தால் போதும்.

தலையசைப்பில்தான் சிக்கல்.
எங்கள் ஊரில் ஆமென்றால்
தலையை இடம் வலமாக ஆட்டுவோம்.
இல்லையென்றால் மோவாயை ஒருமுறை
மேலே வெட்டுவோம்.
விமான நிலையத்திலேயே அவளுக்கு இதைச் சொல்லியிருந்தார்களாம்.
காது கேட்டுக்கொண்டது.
கண்ணுக்கு ஏறவில்லை.

முதல் நாள் இரண்டு மணி நேரம்
சுவரைத் தள்ளினோம்.
கொஞ்சம் நகர்ந்தது என்று
வெளியே சிகரெட் பிடிக்கும்போது
சத்தியம் செய்தார் ஸ்திராவ்கோ.
ரயில் எஞ்சின் ஓட்டியவர், தள்ளுவது அவருக்குத் தெரியும்.

இரண்டாம் நாள்
வங்கியில் வேலை பார்க்கும் கெனோவேவா
ஒரு ஐஸ் பாளத்தை மடியில் வைத்துக்கொண்டு
அது தீரும்வரை உட்கார்ந்திருந்தாள்.
உதடு நீலமாயிற்று.
தரையில் ஓடிய தண்ணீரைத் துடைக்க
கை தானாகத் துணி தேடியது எனக்கு.
லீவா என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாள்,
கேட்காமல்.

மூன்றாம் நாள் எனக்கு இரவுப் பணி, போகவில்லை.

நான்காம் நாள், தூக்குவது.
ஒருவர் படுக்க வேண்டும், எட்டுப் பேர் தூக்க வேண்டும்.
என்னைக் கேட்டாள். இடம் வலமாக ஆட்டினேன்.
வேண்டாமா, பரவாயில்லை என்று
அடுத்தவரிடம் போய்விட்டாள்.
நானே நடுவில் போய்ப் படுத்துக்கொண்டேன்.

இருபத்தாறு வருஷமாக
கட்டிலிலிருந்து ஸ்ட்ரெச்சருக்கு,
ஸ்ட்ரெச்சரிலிருந்து மேசைக்கு,
மேசையிலிருந்து சில சமயம் நிலவறைக்கு
ஆட்களை மாற்றுகிறவள் நான்.
பயந்தவர்கள் கனமாக இருப்பார்கள்.
மயங்கியவர்கள் அதைவிட.
செத்துப்போனவரைத் தூக்கும்போதும்
ஒன்று இரண்டு மூன்று என்று
எண்ணித்தான் தூக்குவோம்,
அவரும் தயாராகிக்கொள்ளட்டும் என்பதுபோல.

இவர்கள் எண்ணவில்லை.
ஆளுக்கொரு நேரத்தில் தூக்கினார்கள்.
முழங்காலை மடக்கு பிளாமென், முதுகு போய்விடும்
என்று தொண்டைவரை வந்ததை விழுங்கினேன்.
மிரோலூபாவின் மோதிரம் இடுப்பில் அழுந்தியது.
தலையை யார் பிடிப்பது என்று
யாருக்கும் தோன்றவில்லை.
சந்தை வாத்துபோலத் தொங்கியது கொஞ்ச நேரம்.
அப்புறம் அடியில் ஒரு உள்ளங்கை வந்தது.
டீசல் வாசனை. ஸ்திராவ்கோ.

மேலே உத்தரத்தில் கொக்கிகள்,
இலைச்சரம் தொங்கவிட்டவை.
ஒரு கொக்கியில் சிவப்பு நூல் இன்னும் இருக்கிறது.
நின்று பார்த்தபோது தெரியவில்லை அது.
நான் தள்ளிக்கொண்டு போனவர்களும்
எங்கள் தாழ்வாரக் கூரையில்
எதையாவது பார்த்திருப்பார்கள்.
நான் ஒருநாளும் அண்ணாந்ததில்லை.

காதிலிருந்து காதுக்குத் தண்ணீர் வழிந்தது.
அழுகை என்று சொல்ல மாட்டேன்,
படுத்திருந்தால் கண் அப்படித்தான்.

லீவா குனிந்தாள்:
இறக்கட்டுமா?

மோவாயை மேலே வெட்டினேன்.

சரி, இறக்குங்கள் என்றாள் அவள்.

எட்டுப் பேரும் இந்த ஊர்க்காரர்கள்.
ஒருவரும் இறக்கவில்லை.

இறக்குங்கள், என்றாள் மறுபடியும், கொஞ்சம் உரக்க.
யாரோ சிரிப்பை அடக்கினார்கள்.
அது கைக்குக் கை மாறி
என் முதுகுக்கு வந்து சேர்ந்தது.
பிளாமெனுக்கு முழங்கால் நடுங்கியது,
இப்போதுதான் மடக்கியிருந்தான்.

கீழ்த்தளத்தில்
சூப் ஆறிக்கொண்டிருந்தது.